பலகை சொல்லாத முன்கதை

"ஒரே கை. ராஜாவைத் தொட்ட கையாலதான் யானையையும் எடுக்கணும்."

சார் சொன்னதும் மஞ்சள் பனியன் போட்ட பையன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்கிறான். வலது கையால் ராஜாவைத் தூக்கி யானைப் பக்கமாக இரண்டு கட்டம் தள்ளி வைக்கிறான். பிறகு மூலையில் நிற்கும் யானையை எடுத்து, ராஜாவைத் தாண்டி, மறுபக்கத்தில் ஒட்டினாற்போல் நிறுத்துகிறான். நிறுத்திவிட்டு சாரை நிமிர்ந்து பார்க்கிறான். கோட்டை கட்டியாயிற்று.

மன்னார்குடியில் ஹரித்ரா நதித் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெரு. ஒரு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை செஸ் வகுப்பு. தரையில் ஜமக்காளம், அதன்மேல் சுருட்டி எடுத்துப் போகிற பச்சை வெள்ளைப் பலகைகள், பலகைக்கு இரண்டு பிள்ளைகள். சுவரில் காந்தக் காய்கள் ஒட்டும் பெரிய பலகை தொங்குகிறது. அதில் ஒரு கறுப்புக் குதிரைக்குக் காந்தம் கழன்று போய், செல்லோடேப்பில் நிற்கிறது. பக்கத்தில் மூன்று படங்கள்: ஆனந்த், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ், 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'. படங்களுக்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய அறிவிப்பு: 'பெற்றோர் பேசக் கூடாது.' படியோரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கானது அது.

பிள்ளைகளுக்குக் காய்கள் நகரும் விதம் தெரியும். குதிரையை இரண்டும் ஒன்றுமாகத் தாவவைப்பதில் இருந்த தடுமாற்றம்கூடப் போய்விட்டது. இன்றைக்கு அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியவை அந்த வரிசையில் சேராத மூன்று நகர்வுகள். கோட்டை கட்டுவது, வழியில் வெட்டுவது, கடைசி வரிசைக்குப் போன சிப்பாய்க்குப் பதவி உயர்வு.

சார் விதிகளை ஒப்பிக்கவில்லை. பெரிய பலகையில் காய்களை வைத்துவிட்டுக் கேள்வி கேட்கிறார். ராஜாவுக்கும் யானைக்கும் நடுவில் பிஷப் நின்றால்? "முடியாது சார்." ராஜாவுக்கு இப்போ செக் இருந்தால்? "முடியாது சார்." ராஜா போய் உட்காரப் போகிற கட்டத்தை எதிரி குறிவைத்திருந்தால்? "முடியாது." உட்காரப் போகிற கட்டம் பத்திரம்தான், ஆனால் தாண்டிப் போகிற கட்டத்தில் அடி விழுகிறது? இங்கே சத்தம் இரண்டாகப் பிரிகிறது. பாதிப் பேர் முடியும், பாதிப் பேர் முடியாது. சார் ராஜாவை அந்த நடுக் கட்டத்தில் ஒரு நொடி நிறுத்திக் காட்டுகிறார். எதிரில் இருக்கும் பிஷப்பின் மூலைக்கோட்டில் விரலை இழுத்துக்கொண்டு வந்து ராஜாவின் தலையில் முடிக்கிறார். பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. ராஜா அடிபடுகிற கட்டத்தைத் தாண்டிக்கூடப் போகக் கூடாது.

"யானைய வெட்ட வந்தா கட்டலாமா சார்?" கடைசிப் பலகையிலிருந்து ஒரு சின்னக் குரல்.

சார் முகம் மலர்கிறது. 1974இல் மாஸ்கோவில், உலகப் பட்டத்துக்கு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் இறுதிச் சுற்றில், கார்ப்போவுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த கோர்ச்னாய் எழுந்துபோய் நடுவரிடம் இதையேதான் கேட்டார் என்கிறார். யானை அடியில் இருக்கும்போது கோட்டை கட்டலாமா என்று. கட்டலாம் என்றார் நடுவர். கோர்ச்னாய் கட்டினார், அந்த ஆட்டத்தை ஜெயித்தார். உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர் ஒருவர் கேட்ட கேள்வி தன் வாயிலிருந்து வந்தது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறான். இந்த இடத்தில் சார் சிரித்துவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கலாம். போகாமல் நின்று அந்தக் கதையைச் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைகளிடம் உபதேசமாகச் சொன்னால் ஏறாது.

பிறகு ஜோடி ஜோடியாக ஆடச் சொல்கிறார். ஆடுகிற ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுத வேண்டும். அது இந்த வகுப்பின் முதல் சட்டம்.

கொஞ்ச நேரம் காய் வைக்கும் சத்தம் மட்டும். கீழே தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்வாங்குகிறது. அப்புறம்தான் தகராறு.

"நீ கட்ட முடியாது."

"ஏன் முடியாது? நடுவுல ஒண்ணுமில்ல. செக் இல்ல. தாண்டிப் போற கட்டத்துலயும் ஒண்ணுமில்ல."

"உன் ராஜா நகர்ந்தாச்சு."

"எங்க நகர்ந்துச்சு? வீட்லதானே நிக்குது. பாரு!"

மஞ்சள் பனியனுக்கு எதிரே இரட்டைச் சடைப் பெண். அவள் குரலை உயர்த்தவில்லை. கையை மட்டும் தூக்குகிறாள். சார் வருகிறார். அவர் அங்கேயே தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் எல்லாரையும் அந்தப் பலகையைச் சுற்றி வரச் சொல்கிறார்.

"இந்தப் பலகையைப் பார்த்து மட்டும் சொல்லுங்க. வெள்ளை ராஜா நகர்ந்திருக்கா, இல்லையா?"

பத்துத் தலைகள் குனிகின்றன. ஒருவன் பலகையின் விளிம்பில் கன்னத்தை வைத்து, காயின் அடியில் ஏதாவது அடையாளம் இருக்குமோ என்பதுபோலப் பார்க்கிறான். ராஜா தன் கட்டத்தில் நிற்கிறார். யானை மூலையில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே காலி. எல்லாம் கோட்டை கட்டத் தோதாகத்தான் இருக்கிறது.

"தெரியல சார்."

"தெரியாது. எனக்கும் தெரியாது. எங்க தெரியும்?"

இரட்டைச் சடை தன் தாளை நீட்டுகிறாள். ஏழாவது வரியில் வெள்ளை ராஜா ஒரு கட்டம் முன்னே வந்திருக்கிறார், ராணி கொடுத்த செக்குக்குத் தப்பி. ஒன்பதாவது வரியில் திரும்ப வீட்டுக்குப் போயிருக்கிறார். மஞ்சள் பனியன் தன் தாளையும் எடுத்துப் பார்க்கிறான். அவன் கையெழுத்திலேயே அது இருக்கிறது. அவன் மறுக்கவில்லை. ராஜாவைப் பழைய இடத்தில் வைக்கிறான். தொட்டுவிட்டதால் ராஜாவையே நகர்த்த வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டத்துக்கு அவரை நடத்திக்கொண்டு போகிறான்.

இந்த வகுப்பில் நான் பார்த்தவற்றில் பெரியது இதுதான். இது வரைக்கும் இந்தப் பிள்ளைகளுக்குச் செஸ் என்பது கண்ணுக்கு முன்னால் முழுசாக விரிந்து கிடக்கும் ஆட்டம். சீட்டாட்டம்போல எதிராளி கையில் மறைத்து வைக்க ஒன்றுமில்லை. எந்தக் காய் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி. கோட்டை கட்டும் விதி வந்து அந்த நம்பிக்கையை உடைக்கிறது. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பலகைகள். ஒன்றில் கட்டலாம், இன்னொன்றில் கட்டக் கூடாது. வித்தியாசம் பலகையில் இல்லை, நடந்து முடிந்ததில் இருக்கிறது. கணினியில் ஓர் ஆட்ட நிலையை ஒரே வரியில் குறித்துவைக்கும் முறை ஒன்று உண்டு. அதிலும் 64 கட்டங்களில் எது எங்கே என்று எழுதினால் போதாது. எந்தப் பக்கம் கோட்டை கட்டும் உரிமை மிச்சமிருக்கிறது, வழியில் வெட்டக்கூடிய கட்டம் ஏதாவது உண்டா என்று தனியாகச் சேர்த்தால்தான் அந்த நிலை முழுமை பெறும். புதிதாகக் கற்பவர்கள் இந்த நகர்வுகளில் தடுக்கி விழுவதற்கு அவை சிக்கலானவை என்பது காரணமில்லை. மற்ற விதிகளுக்குக் கண் போதும். இவற்றுக்கு ஞாபகம் வேண்டும்.

"செக் வாங்கின ராஜாவுக்கு எப்படியும் அந்த உரிமை போச்சே. நகர்ந்தா என்ன, நகராட்டி என்ன?"

பேசக் கூடாதென்ற அறிவிப்புக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவரின் குரல். இரட்டைச் சடைப் பெண்ணின் தாத்தா. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மடியில் பேத்தியின் தண்ணீர் பாட்டில்.

"இல்லீங்க ஐயா. செக் வாங்கினதால உரிமை போகாது. செக்கை வேற காயால மறைச்சிட்டு, ராஜா நகராமலே இருந்தா அப்புறமா கட்டிக்கலாம். செக் இருக்கிற அந்த நேரத்துல மட்டும் கட்டக் கூடாது."

"எங்க ஆட்டத்துல போயிடும் தம்பி."

சார் அவர் பக்கமாகத் திரும்பி நிற்கிறார். பிள்ளைகளும் திரும்புகிறார்கள். பெரியவர் சங்கடத்தோடு பேத்தியைப் பார்க்கிறார். அவள் "சொல்லுங்க தாத்தா" என்கிறாள்.

அவர் சொல்கிறார். அவர் திண்ணையில் கற்ற ஆட்டத்தில் கோட்டை கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஆட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு தடவை குதிரைபோலத் தாவலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு செக் வாங்கிவிட்டாலும் அந்தத் தாவல் போச்சு. சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான். கடைசி வரிசைக்குப் போன சிப்பாய், எந்த வரியில் ஏறியதோ அந்த வரிக்குரிய காயாக மாறும். யானை வரியில் போனால் யானை, குதிரை வரியில் போனால் குதிரை.

"ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்" என்று முடிக்கிறார்.

சார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பெரிய பலகையில் ஒரு ராஜாவை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுக்கிறார். ராஜாவைக் குதிரைபோலத் தாவவைத்துக் காட்டுகிறார். பிள்ளைகள் ஆரவாரம் செய்கிறார்கள். அவர்களுக்கு இந்த விதி மிகவும் பிடித்துவிட்டது என்று தெரிகிறது.

அப்புறம் மீர் சுல்தான் கானைப் பற்றிச் சொல்கிறார். பிரிக்கப்படாத பஞ்சாபைச் சேர்ந்தவர். அப்பாவிடம் கற்றது ஐயா சொல்கிற மாதிரியான பழைய இந்திய ஆட்டம். இருபது வயதுக்கு மேல்தான் இப்போது நாம் ஆடும் விதிகளுக்கு மாறினார். 1929இல் இங்கிலாந்து போனார். அந்த வருடமே பிரிட்டிஷ் சாம்பியன். 1932லும் 1933லும் மறுபடியும். முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவை ஹேஸ்டிங்ஸில் தோற்கடித்தார். 1966இல் இறந்துபோனார்; 2024இல்தான் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. தாமதமாக வந்த மரியாதை, ஆனாலும் வந்தது நல்லது. அத்தனை பெரிய ஆட்டக்காரர் வளர்ந்த வயதில், இந்தப் பிள்ளைகள் இன்று கற்கும் இதே மூன்று நகர்வுகளைப் புதிதாகப் படித்திருக்கிறார். பழகிய கை ஒரு கட்டம் என்று நினைக்கும்போது சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளப் படித்திருக்கிறார்.

சிப்பாயின் அந்த இரண்டு கட்டத்திலிருந்துதான் அடுத்த பாடம். சார் பலகையில் இரண்டே சிப்பாய்களை வைக்கிறார். வெள்ளைச் சிப்பாய் பாதி தாண்டி ஐந்தாவது வரிசைக்கு வந்துவிட்டது. கறுப்புச் சிப்பாய் பக்கத்து வரியில் இன்னும் வீட்டில் இருக்கிறது.

"கறுப்பு ஒரு கட்டம் வந்தா?"

"வெட்டலாம் சார். மூலையில நிக்குது."

"சரி. இரண்டு கட்டம் வந்தா?"

கறுப்புச் சிப்பாய் வெள்ளைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. தோளோடு தோள்.

"வெட்ட முடியாது. பக்கத்துல இருக்கறத சிப்பாய் வெட்டாது."

"அப்ப கறுப்பு தப்பிச்சிடுச்சு. சரிதானே?"

மஞ்சள் பனியனுக்குப் பொறுக்கவில்லை. "அது எப்படி சார்? ஒரு கட்டம் வந்திருந்தா செத்திருக்கும். ரெண்டு கட்டம் ஓடினதால தப்பிக்குமா? அது ஏமாத்து வேலை."

சார் ஒன்றும் சொல்லாமல் வெள்ளைச் சிப்பாயை மூலைவாக்கில் ஒரு கட்டம் முன்னேற்றிக் காலிக் கட்டத்தில் வைக்கிறார். அந்தக் கட்டத்துக்குப் பின்னால் நிற்கும் கறுப்புச் சிப்பாயைப் பலகையிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கிறார். "ஆன்பசான். வழியில வெட்டறது" என்கிறார். ஒரு நொடி யாருக்கும் பேச்சில்லை. காலியாக இருக்கும் கட்டத்துக்குப் போய், வேறு கட்டத்தில் நிற்கும் காயை வெட்டுவது. இந்த ஆட்டத்தில் வேறெங்கும் இப்படி இல்லை. ஆனால் நியாயம் கேட்டவன் மஞ்சள் பனியன்தான். அந்த நியாயத்துக்கு விதி பதில் சொல்லியிருக்கிறது.

வரலாறும் அப்படித்தான். பழங்காலத்தில் சிப்பாய் எல்லா நாட்டிலும் ஒரு கட்டமாகத்தான் நகர்ந்தது. ஆட்டம் சூடு பிடிக்க வெகு நேரமானது. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டுவாக்கில் வேகத்துக்காக முதல் அடியில் இரண்டு கட்டம் என்ற சலுகை பரவியது. சலுகை வந்தால் அதை வைத்து நழுவுகிறவனும் வருவான். அவனைத் தடுக்க இந்த விதி. எல்லாரும் உடனே ஒப்புக்கொள்ளவும் இல்லை. இத்தாலியில் 1880 வரைக்கும் சிப்பாய் அப்படி நழுவிப் போவதை அனுமதித்தார்கள்.

"உடனே வெட்டணும். அடுத்த நகர்வே. ஒரு நகர்வு விட்டா உரிமை போயிடும்" என்கிறார் சார். ஆடிப் பார்க்கிறார்கள். மூன்றாவது பலகையில் ஒரு பெண் முதலில் தன் குதிரையை வெளியே எடுத்துவிட்டு, அடுத்த முறை வரும்போது வெட்டப் போகிறாள். எதிரே இருப்பவன் அவள் விரலைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுகிறான். அவள் பலகையைப் பார்க்கிறாள். இரண்டு சிப்பாய்களும் அப்படியேதான் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. போன முறை இருந்த உரிமை இந்த முறை இல்லை. இதுவும் பலகையில் எழுதியிருக்காது. அவள் முனகிக்கொண்டே கையை இழுத்துக்கொள்கிறாள்.

"எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல. ஒரு கட்டம்தான்" என்கிறார் தாத்தா, யாரிடமும் இல்லாமல்.

பதவி உயர்வு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்துகொள்ளும் விதி அது. கடைசி வரிசைக்குப் போனால் ராணி. இரட்டைச் சடையின் சிப்பாய் போய்ச் சேர்ந்துவிட்டது. அவளுடைய பழைய ராணி இன்னும் பலகையில் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது ராணிக்கு எங்கே போவது? வெட்டுப்பட்ட யானை ஒன்றை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறாள். வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். சில வீடுகளில் ஐந்து ரூபாய் நாணயம், சில வீடுகளில் பாட்டில் மூடி.

"இது என்ன காய்?" என்கிறார் சார்.

"ராணி."

"யானை."

போட்டி விதியின்படி தலைகீழாக நிற்கும் யானையும் யானைதான். 2017இல் கனடாவின் தேசியப் பட்டத்தை முடிவு செய்யும் அதிவேக ஆட்டத்தில் இதுவே நடந்தது. வெட்டுப்பட்ட ராணி எதிராளியின் கைக்குள் இருந்ததால் ஒருவருக்கு அது கண்ணில் படவில்லை. கடிகாரம் ஓடுகிறது. யானையைக் கவிழ்த்து வைத்து ராணி என்றார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, அது யானை என்றார். பட்டம் கைவிட்டுப் போனது. "கடிகாரத்தை நிறுத்திட்டு, ஆர்பிட்டரைக் கூப்பிட்டு, ராணி வேணும்னு கேளுங்க. அது உங்க உரிமை" என்று சார் ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்துச் சொல்கிறார். இரண்டு பேரை எழுந்து நின்று கையை உயர்த்திக் கேட்கவும் வைக்கிறார். பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து உபரி ராணி ஒன்றை எடுத்து இரட்டைச் சடையிடம் கொடுக்கிறார்.

அப்புறம் பெரிய பலகையில் மூன்றே காய்கள். கறுப்பு ராஜா வலது ஓரத்தில், தன் கடைசி வரிசைக்கு ஒரு வரிசை கீழே. வெள்ளை ராஜா அவரிடமிருந்து ஒரு வரிசை இறங்கி, இரண்டு வரி தள்ளி. வெள்ளை ராஜாவுக்கு நேர் முன்னால் வெள்ளைச் சிப்பாய், ஒரே அடியில் கடைசி வரிசை.

"என்ன காய் வேணும்?"

"ராணி!" பத்துக் குரல்கள்.

ராணியை வைக்கிறார். "இப்போ கறுப்பு ஆடணும்." கறுப்பு ராஜாவுக்குச் செக் இல்லை. நகர ஒரு கட்டம்கூட இல்லை. மேலே போனால் ராணி, கீழே போனால் ராணி, பக்கத்தில் வெள்ளை ராஜா. பிள்ளைகள் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

"ஸ்டேல்மேட். டிரா. ஜெயிச்ச ஆட்டம் போச்சு."

சார் ராணியை எடுத்துவிட்டுச் சிப்பாயைத் திரும்ப வைக்கிறார். காத்திருக்கிறார். குதிரை என்கிறான் ஒருவன். பிஷப் என்கிறாள் ஒருத்தி. சாவேத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் 1895இல் கிளாஸ்கோவில் இருந்தபோது, டிரா என்று எல்லாரும் விட்டுவிட்ட ஒரு நிலையில், ராணியை வேண்டாமென்று ஒதுக்கி வெற்றிக்கு வழி கண்டார். அதனால்தான் அவர் பெயர் இன்றைக்கும் நிற்கிறது. அந்தக் கதையைச் சார் இப்போது சொல்லவில்லை. சொன்னால் விடை வெளியே வந்துவிடும்.

யானை அடியில் இருந்தால் கட்டலாமா என்று கேட்ட அதே கடைசிப் பலகைப் பையன் எழுந்து வருகிறான். வாயால் சொல்லவில்லை. தானே ஒரு யானையை எடுத்துக் கடைசி வரிசையில் ஒட்டுகிறான். கறுப்பு ராஜாவுக்கு இப்போது ஒரே ஒரு கட்டம் திறந்திருக்கிறது, கீழே. அவரை அங்கே இறக்குகிறான். பிறகு யானையைக் கடைசி வரிசையிலேயே ஓரம் வரைக்கும் இழுக்கிறான். நேர் கோட்டில் செக். கறுப்பு ராஜா திரும்புகிற பக்கமெல்லாம் வெள்ளை ராஜா நிற்கிறார்.

"மேட்" என்கிறான்.

மற்ற பிள்ளைகள் நம்பாமல் ஒவ்வொரு கட்டமாகச் சரி பார்க்கிறார்கள். மேட்தான். ராணியைவிட வலு குறைந்த காய் ராணி தவறவிட்டதைச் செய்திருக்கிறது. அவர்களில் ஒருத்தி மறுபடியும் ராணியை வைத்துப் பார்க்கிறாள், இன்னொரு தரம் டிரா ஆகிறதா என்று. ஆகிறது.

வகுப்பு முடிந்து பைகள் கட்டப்படுகின்றன. கீழே வண்டிகளின் ஹாரன். இரட்டைச் சடை மட்டும் தாத்தாவின் முன்னால் ஒரு பலகையை விரித்துக் காய்களை அடுக்குகிறாள். வேன் வர நேரமிருக்கிறது.

"எந்த ஆட்டம்?" என்கிறார் அவர்.

"இந்த ஆட்டம்தான். அடுத்த ஞாயிறு உங்க ஆட்டம்."

அவர் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயைத் தொடுகிறார். ஒரு கட்டம் நகர்த்தி, யோசித்து, இன்னொரு கட்டமும் நகர்த்துகிறார். அவள் பதில் ஆடுவதற்கு முன்னால் ஒரு தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளுகிறாள்.

"எழுதணும் தாத்தா. இல்லாட்டி அப்புறம் நம்ம ரெண்டு பேருக்கும் சண்டை வரும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதுகிறார். சில நகர்வுகள் கழித்து ராஜாவை எடுத்து இரண்டு கட்டம் வைக்கிறார், அதே கையால் யானையைத் தாண்டவைக்கிறார். பேனாவைப் பிடித்தபடி பேத்தியைப் பார்க்கிறார்.

"இத எப்படி எழுதறது?"

"சுழி, நடுவுல கோடு, இன்னொரு சுழி."

"அந்தப் பக்கம் கட்டியிருந்தா?"

"மூணு சுழி. நடுவுல ரெண்டு கோடு. நீங்க ஆடுங்க தாத்தா, இல்ல, எனக்குத்தான் ஆட்டம். இருங்க."